பழைய பிளாக்ஸ் வாங்கும் முன்: பொருத்தம் பார்க்கும் முறை

கடைகளில் பில்டிங் பிளாக்ஸ் என்று விற்கப்படும் பிளாஸ்டிக் கட்டைகள் பார்வைக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைபோலத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே உருண்டைக் குமிழ், கீழே குடைவு. அதே சிவப்பு, அதே மஞ்சள், அதே நீலம். ஆனால் ஒரு கட்டை இன்னொன்றுடன் சேருமா என்பதை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தீர்மானித்துவிடும். பழைய கட்டைகளை வாங்குபவர் பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே உள்ள பெட்டியுடன் சேர்க்கத்தான் வாங்குகிறார். சேராத கட்டைகள் அந்தப் பெட்டிக்குள் ஒருமுறை கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பாதி கட்டிய சுவர் காரணம் தெரியாமல் சரியும்போது, தன் கை சரியில்லை என்றுதான் குழந்தை நினைத்துக்கொள்ளும். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே, விற்பவர் முன்னிலையிலேயே, பொருத்தத்தைச் சோதித்துவிட வேண்டும்.

எட்டு மில்லிமீட்டர் கணக்கு

சந்தையில் மிகப் பரவலாக இருப்பது லெகோவின் அளவுமுறை. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. குமிழை விட்டுவிட்டுப் பார்த்தால் கட்டையின் உயரம் 9.6 மி.மீ. பிளேட் எனப்படும் மெல்லிய தட்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. இரண்டு குமிழ் அகலமுள்ள கட்டை 16 மி.மீ. இருக்க வேண்டும் என்று தோன்றும், உண்மையில் 15.8 மி.மீ. தான் இருக்கும். பக்கத்துக் கட்டையோடு உரசாமல் உட்கார விடப்பட்ட இடைவெளி அந்த 0.2 மி.மீ.

இந்த எண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. 2×2 கட்டையின் உட்புற அகலம் 12.8 மி.மீ.: குமிழ் இடைவெளியான எட்டையும் குமிழ் விட்டமான 4.8-ஐயும் கூட்டினால் வருவது. அடியில் உள்ள குழல் நான்கு குமிழ்களுக்கு நடுவே மூலைவிட்டமாகச் செருகப்படுகிறது. எட்டின் மூலைவிட்டம் 11.31, அதில் 4.8 போனால் மிச்சம் 6.51 மி.மீ. குழலின் வெளிவிட்டம் அதுதான். கட்டையின் பிடிப்பு முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. வேறொரு நிறுவனம் குமிழ் இடைவெளியைச் சரியாக எட்டாக வைத்துக்கொண்டு குமிழை மட்டும் 4.7-ஆகச் செய்தால், கட்டைகள் வரிசையில் அழகாக உட்காரும், தூக்கினால் உதிரும். 4.9-ஆகச் செய்தால் ஏறுவதே கடினம். ஏறிய பின் கழற்றப் பல்லைத்தான் தேட வேண்டியிருக்கும்.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-இல் தொடங்கிய லெகோ நிறுவனம் குமிழும் குழலும் சேர்ந்த இந்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரியது. அதற்கு முன்பே, 1947-இல், இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் குழலில்லாத குமிழ்க் கட்டைகளை விற்றார். லெகோவின் முதல் கட்டைகள் அவற்றைப் பின்பற்றியவை. காப்புரிமைகள் ஒவ்வொரு நாடாகக் காலாவதியானதும் பிற நிறுவனங்கள் அதே அளவில் கட்டைகள் வார்க்கத் தொடங்கின. கனடாவில் காப்புரிமை 1988-இல் முடிந்தது. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக உரிமை கொண்டாடிய லெகோவின் வாதத்தைக் கனடா உச்ச நீதிமன்றம் 2005-இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும் ஏற்கவில்லை. வடிவம் எல்லோருக்கும் பொது. பெயர் மட்டும் லெகோவுக்குச் சொந்தம். இந்தச் சட்ட நிலைமை வாங்குபவருக்கு நேரடியாக உதவுகிறது. வேறு நிறுவனம் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குமிழின் தலையில் உள்ள எழுத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் கண்ணால்

லெகோ கட்டையின் ஒவ்வொரு குமிழிலும் நிறுவனத்தின் பெயர் சிறிய புடைப்பெழுத்தில் இருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் நகத்தால் தடவிப் பார்க்கலாம். கட்டையைத் திருப்பினால் உட்புறத்தில் உருப்படி எண்ணும் பெரும்பாலும் தென்படும்: 2×4 கட்டைக்கு 3001, 2×2 கட்டைக்கு 3003, 2×4 பிளேட்டுக்கு 3020. எண் இல்லாததால் மட்டும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். மிகப் பழைய லெகோக்களில் எண் கிடையாது.

குமிழில் வேறு பெயர் இருந்தாலும் பொருந்தக்கூடியவை பல. போலந்தின் கோபி, கொரியாவின் ஆக்ஸ்ஃபோர்ட், சீனாவின் ஸ்லூபான், வாங்கே, என்லைட்டன் ஆகியவை எட்டு மில்லிமீட்டர் அளவில் வார்ப்பவை. ஹாஸ்ப்ரோ 2011-இல் கொண்டுவந்த கிரியோவும் அதே அளவுதான். குமிழ் மொட்டையாக, எழுத்தே இல்லாமல் இருந்தால் எந்தத் தொழிற்சாலைச் சரக்காகவும் இருக்கலாம். அதை எழுத்தை வைத்து எடைபோட வழியில்லை, கைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு மெகா பிளாக்ஸ் நல்ல சான்று. கனடாவில் பிறந்து 2014-இல் மேட்டலுக்குக் கைமாறிய இந்த நிறுவனத்தின் சிறிய கட்டைகள் லெகோவுடன் சேரும். பையில் வரும் கைக்குழந்தைகளுக்கான பெரிய கட்டைகள், லெகோவே சிறு குழந்தைகளுக்காகச் செய்யும் டூப்ளோவைவிடவும் பெரியவை. லெகோவுடனும் சேராது, டூப்ளோவுடனும் சேராது. விற்பவர் "மெகா பிளாக்ஸ், லெகோவுக்குப் பொருந்தும்" என்று நல்ல மனதோடு சொல்லிவிடுவார், அவர் சொல்வது வேறு அளவைப் பற்றியதாக இருக்கும். லெகோ என்ற பெயருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1963-இல் கட்டிடக் கலைஞர்களுக்காக அந்தக் குழுமமே வெளியிட்ட மாடுலெக்ஸ் கட்டைகள் 5 மி.மீ. கணக்கில் அமைந்தவை. சேகரிப்பவர்களிடம் அவற்றுக்கு மதிப்பு உண்டு, ஆனால் சாதாரண லெகோவில் ஏறாது.

டூப்ளோவின் கதை வேறு. 1969-இல் வந்த அது ஒவ்வொரு திசையிலும் லெகோவின் இரு மடங்கு: குமிழ் இடைவெளி 16 மி.மீ., உயரம் 19.2 மி.மீ. அதன் குமிழ் உள்ளே குடைவானது என்பதால் சாதாரண 2×4 லெகோ கட்டை அதன் மேல் உட்காரும். மூத்த குழந்தையின் பெட்டியும் இளைய குழந்தையின் பெட்டியும் ஒன்றாகக் கூடும் இடம் இது ஒன்றுதான். இரண்டு வயது வித்தியாசத்தில் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பெரிய வசதி. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் சின்னக் கட்டைகளை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு எல்லையில் நானோபிளாக் உள்ளது. ஜப்பானின் கவாடா நிறுவனம் 2008-இல் வெளியிட்ட இதில் மிகச் சிறிய கட்டை 4×4×5 மி.மீ. இதைப் போன்ற சீன மினி பிளாக்குகளும் பரவலாகக் கிடைக்கின்றன. அலமாரியில் வைக்கும் சிலைகளுக்கு இவை அருமை. லெகோவுடன் சேர்க்க நினைத்து வாங்குவது வீண். அதே கவாடாவின் பழைய டயாபிளாக், ஸ்பெயினில் 1970-களில் வந்த டென்டே ஆகியவையும் தனித்தனி முறைகள்.

படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது

இணையத்தில் விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் படம்தான் ஆதாரம். படத்தில் அளவு தெரியாது, விகிதம் தெரியும். லெகோ முறையில் கட்டையின் உயரம் குமிழ் இடைவெளியின் 1.2 மடங்கு, குமிழின் விட்டம் இடைவெளியின் 0.6 மடங்கு. பக்கவாட்டில் நேராக எடுத்த படமாக இருந்தால் திரையில் ஸ்கேலை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். விகிதம் தெளிவாக மாறினால் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிடலாம். விகிதம் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை, ஏனெனில் டூப்ளோவின் விகிதமும் அதுவேதான். டூப்ளோ 2×2 கட்டையும் லெகோ 2×4 கட்டையும் ஏறத்தாழ ஒரே நீளம், சுமார் 32 மி.மீ. குமிழ்களை எண்ணாமல் நீளத்தை மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாறுவார்.

ஆகவே விற்பவரிடம் கட்டையின் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் கேட்பது நல்லது. நாணயத்தின் விட்டம் 27 மி.மீ.; லெகோ 2×4 கட்டை அதைவிடச் சற்றே நீளமாகத் தெரிய வேண்டும். இரண்டாவதாக, ஒரு கட்டையைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். 2×4 கட்டையில் மூன்று குழல்கள் வரிசையாகத் தெரிய வேண்டும். ஒற்றை வரிசைக் கட்டையில் குழலுக்குப் பதில் மெல்லிய தண்டுகள் இருக்கும். குழலோ தண்டோ எதுவுமின்றி வெறும் பள்ளமாக இருந்தால், அது 1958-க்கு முந்தைய பழம்பொருளாகவோ வேறு முறையாகவோ இருக்கும். விளையாட்டுக்கு இரண்டும் உதவாது. மூன்றாவதாக, ஒரு குமிழின் நெருக்கமான படம். இந்த மூன்றையும் தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

கையால் சோதிப்பது

நேரில் போகும்போது மாதிரிக் கட்டைகள் நாலைந்தை எடுத்துச் செல்ல வேண்டும்: இரண்டு 2×4 கட்டை, ஒரு 1×2 கட்டை, ஒரு 2×4 பிளேட், இருந்தால் கையளவுள்ள பேஸ் பிளேட் (அடித்தட்டு) ஒன்று. இவை வீட்டுப் பெட்டியிலிருந்தே எடுத்தவையாக இருக்கட்டும். புதிதாக அடித்ததுபோல இறுக்கமான கட்டை ஒன்றும் நன்றாகப் பழகிய கட்டை ஒன்றும் இருந்தால் நல்லது. காலிப்பர் வைத்திருப்பவர்கள் கொண்டுபோகலாம். ஆனால் பிடிப்பைக் காலிப்பர் சொல்லாது, கைதான் சொல்லும்.

முதலில் அறியாத கட்டையை மாதிரியின் மேல் வைத்து இரு கட்டைவிரலாலும் சமமாக அழுத்த வேண்டும். நல்ல கட்டை சிறு தடையோடு இறங்கி, கடைசி அரை மில்லிமீட்டரில் 'டக்'கென்று உட்காரும். உட்கார்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து இணைப்புக் கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மெல்லியதாக இருந்தால் சரி. ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் கசிந்தால் கட்டை வளைந்திருக்கிறது அல்லது குமிழ் உயரம் கூடியிருக்கிறது. பிறகு கீழ்க் கட்டையை மட்டும் பிடித்துத் தலைகீழாக்கி லேசாக உதற வேண்டும், விழக் கூடாது. கழற்றும்போது நகம் வலிக்காமல் கழற்ற முடிய வேண்டும்.

இப்போது இடம் மாற்றிச் சோதிக்க வேண்டும்: மாதிரி மேலே, அறியாதது கீழே. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மேலிருந்து பொருந்துவது குழலையும் சுவரையும் சார்ந்தது. கீழிருந்து பொருந்துவது குமிழைச் சார்ந்தது. ஒரு பக்கம் தேறி மறுபக்கம் தோற்கும் கட்டைகள் மலிவுச் சரக்கில் ஏராளம். மூன்றாவது, அறியாத கட்டை இரண்டை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது. சில மலிவுக் கட்டைகள் லெகோவின் மேல் ஓரளவு பிடிக்கும். தமக்குள் பிடிக்காது, இரண்டு பக்கத்துக் குறையும் ஒன்றுசேர்வதால்.

ஒரு கட்டையில் தெரியாத பிழை வரிசையில் தெரியும். பேஸ் பிளேட்டின் மேல் அறியாத 2×2 கட்டைகளை இடைவெளியின்றி வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றும் 15.8-க்குப் பதில் 16.1 மி.மீ. என்றால் முதல் இரண்டும் பேசாமல் உட்காரும். நாலாவது ஐந்தாவதில் முரண்டு பிடிக்கும், ஓரக் கட்டை எழும்பி நிற்கும். உயரத்துக்கும் இதே வழி: பத்துக் கட்டைகளை அடுக்கினால் 96 மி.மீ. வர வேண்டும். ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு கூடினால் பத்தாவது மாடியில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். வீடு கட்டும்போது ஒரு சுவர் அந்தக் கட்டையிலும் எதிர்ச்சுவர் லெகோவிலும் எழும்பினால் கூரை உட்காராது. பிளேட்டுக்கு, மூன்றை அடுக்கி மாதிரிக் கட்டையின் பக்கத்தில் வைத்து மேல்விளிம்பை விரலால் தடவினால் போதும். படி தட்டுப்படக் கூடாது.

சமையலறைத் தராசு இருந்தால் கூடுதல் துப்பு கிடைக்கும். லெகோ 2×4 கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம். பத்துக் கட்டைகள் 23 கிராமுக்கு மிகக் குறைவாக இருந்தால் சுவர் மெல்லியது. இன்று பிடித்தாலும் சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

கட்டை அல்லாத உருப்படிகள்

துளைகளும் பின்களும் கொண்ட டெக்னிக் வகைக்குப் பொருத்தம் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டியது. துளைகளின் நடு இடைவெளி 8 மி.மீ., துளை விட்டம் குமிழளவே. பின் நுழைந்து சுழல வேண்டும், ஆடக் கூடாது. சிலுவை வடிவ அச்சைத் துளையில் விட்டுச் சுழற்றினால் உரசாமல் ஓட வேண்டும். பற்சக்கரங்களில் 8 பல்லும் 24 பல்லும் இரண்டு குமிழ் தொலைவில், அதாவது 16 மி.மீ. தொலைவில், சரியாகக் கவ்வும். இந்தச் சோடியை மாதிரிச் சட்டத்தில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பதே போதுமான சோதனை. சீனாவின் காடா, மோல்ட் கிங் தொகுப்புகள் இதே முறையில் வருபவை.

மோட்டார், விளக்கு, பேட்டரிப் பெட்டி ஆகியவற்றில் உடல் பொருந்தினாலும் பிளக் பொருந்தாமல் போகலாம். லெகோவுக்குள்ளேயே 2007-இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸும் 2018-இல் வந்த பவர்டு அப்பும் வெவ்வேறு இணைப்பிகள். வீட்டில் உள்ள பேட்டரிப் பெட்டியைக் கொண்டுபோய் இயக்கிப் பார்க்காமல் மின்சார உருப்படிக்குத் தனி விலை தர வேண்டாம்.

பிளாஸ்டிக்கும் வயதும்

1963 முதல் லெகோ பயன்படுத்துவது ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதற்கு முந்தைய செல்லுலோஸ் அசிடேட் கட்டைகள் காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும். அளவு சரியாக இருந்தும் உட்காராது. ஏபிஎஸ் கட்டை நகத்துக்குக் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். மெழுகு தடவியதுபோல் மென்மையாக, விரலால் அழுத்தினால் சுவர் உள்வாங்கும் கட்டை வேறு பிளாஸ்டிக். அதன் பிடிப்பு நிலைக்காது. கண்ணாடி மாதிரி கலகலக்கும் கட்டை விளிம்பில் உடையும். எந்தக் கட்டையிலும் 1×1, 1×2 துண்டுகளின் பக்கச் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விரிசல் அங்கேதான் தொடங்கும். விரிசல் விழுந்த கட்டை எந்த நிறுவனத்துடையதானாலும் பிடிக்காது. மஞ்சளாகிப்போன வெள்ளைக் கட்டை வெயில் பட்டது. பிடிப்பு பெரும்பாலும் கெடாது, எனவே அதைச் சாக்காக வைத்து விலையைக் குறைத்து வாங்கலாம்.

சிறு குழந்தைக்காக வாங்கும்போது வயதைப் பார்ப்பது பொருத்தத்தைவிட முக்கியம். 1970-கள், 80-களின் சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் பொம்மைகளில் காட்மியம் கலந்த நிறமிகள் உண்டு. பழைய பொம்மைகளை ஆராய்ந்து 2018-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு இதைக் கட்டைகளிலும் கண்டது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அந்தக் காலத்துக் கட்டைகளைத் தரவே கூடாது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டியோடு விற்கப்படும் பெயர் தெரியாத சரக்கில் அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பது நல்லது.

கலந்து கிடக்கும் பெட்டி

செகண்ட் ஹேண்ட் பெட்டிகள் பெரும்பாலும் கலவையாகவே வரும், எடைக்கணக்கில் விற்கப்படும். மேலாகத் தெரியும் கட்டைகளை வைத்து மதிப்பிடக் கூடாது; சிறிய துண்டுகள் அடியில் இறங்கிவிடும். பெட்டியின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி, நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்: இறுக்கமாகப் பொருந்துபவை, தளர்வாகப் பொருந்துபவை, சேராதவை. முதல் குவியலுக்குத்தான் விலை. நடுக் குவியலை எடை தாங்காத இடங்களுக்கு, கூரை ஓடு, வேலி, பூச்செடி என, பயன்படுத்தலாம். அதற்குப் பாதி விலை நியாயம். விற்பவர் முழுப் பெட்டிக்கும் லெகோ விலை சொன்னால் இந்தக் குவியல்களை அவர் கண்முன்னே காட்டிப் பேசலாம். கையில் உதிர்ந்து விழும் கட்டையைப் பார்த்த பின் யாரும் அதிகம் வாதாட மாட்டார்கள்.

வாங்குபவரின் நோக்கமும் கணக்கில் வர வேண்டும். பெரிய மாதிரிகளை, பாலத்தையோ கோபுரத்தையோ, கட்டுபவருக்குத் தளர்ந்த கட்டை பத்தில் ஒன்று இருந்தாலும் தொல்லை. வீட்டையும் காரையும் கட்டிக் கலைக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த அளவு குறை பெரிதில்லை. அவளுக்கு எண்ணிக்கைதான் மகிழ்ச்சி. சேராதவை பெட்டியில் மிகுதியாக இருந்து, அவை எல்லாம் ஒரே முறையைச் சேர்ந்தவையாகவும் இருந்தால், அந்தப் பெட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. டென்டேயோ டயாபிளாக்கோ தமக்குள் நன்றாகவே சேரும். குறைந்த விலைக்கு வாங்கி, லெகோவுடன் கலக்காமல் வேறொரு டப்பாவில் வைத்துத் தனி விளையாட்டாகவே கொடுத்துவிடலாம்.